கரடி காப்பாத்துன நகக்குறி

"நான் ஒடைக்கல மாமா. நான் இழுக்கும்போது ஒடைஞ்சது. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

கொளத்தங்கரைல கூடுன மிருகங்க நடுவுல நின்னு கீரி கேட்டுச்சு. எதிர்ல பாறை மேல கரடி. அந்தக் காட்டுல வில்லு செய்யத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். கீரிய கொளத்துப் பக்கமே விடக்கூடாதுன்னு பஞ்சாயத்தக் கூட்டுனதும் அதுதான். கீழ ரெண்டா ஒடைஞ்ச வில்லு கெடந்துச்சு.

காலைல செந்நாய் வந்துச்சு. காவலுக்கு நின்ன கீரி வில்லோட நாண இழுத்துச்சு. படார்னு வில்லு போச்சு. தண்ணி குடிக்க வந்த மான்குட்டியும் செந்நாய் வாய்ல போச்சு.

"என் கை சரியில்லங்கறீங்க. சரி. வில்லு சரியா இருந்துச்சா? நாண் பூட்டுனா மேல்பாதி எடப்பக்கம் முறுக்கிக்கிச்சா இல்லையா?"

"லேசா முறுக்குச்சு"ன்னு குரங்கு இழுத்துச்சு.

"லேசாவா? நாண் நடுவுல நிக்கவே இல்ல. அன்னிக்கே சொன்னேன். எடப்பக்கம் எளச்சிருக்கு, அதான் அங்க முறுக்குது, தடிச்ச வலப்பக்கத்தச் சுரண்டுங்க, ரெண்டும் சமமாகி நிமிந்துரும்னேன். நீங்க எதைச் சுரண்டுனீங்க மாமா? எடப்பக்கத்த. முறுக்கு கூடுச்சு. மறுபடியும் அதையே."

"பெரியவங்கள எதிர்த்துப் பேசாத"ன்னு நரி அதட்டுச்சு.

"செந்நாய் போட்டுட்டுப் போன மிச்சத்த நக்குன வாயிதானே அது? மூடு."

கீரி ஒடைஞ்ச துண்டத் தூக்கிக் காட்டுச்சு. எடது ஓரம் எலை மாதிரி மெலிஞ்சு கெடந்துச்சு. வலது ஓரம் தடிச்சு அப்படியே இருந்துச்சு. அதுல கரடியோட நகக்குறி. தான் செஞ்ச வில்லுன்னு காடே தெரிஞ்சுக்கணும்னு அது கீறி வச்சது.

"இந்தப் பக்கம் சுரண்டுனா உங்க குறி அழிஞ்சிரும். அதானே?"

கரடி கொளத்தப் பாத்துச்சு. குட்டியப் பறிகொடுத்த தாய்மான் அந்தக் குறியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. ஆனா அடுத்த வில்லு கரடி கையிலேருந்துதானே வரணும்? கீரியத் தொரத்தலாம்னு ஒவ்வொண்ணா தலையாட்டுச்சு.

கீரி அந்தத் துண்ட தாய்மான் காலடில வச்சுச்சு. "வச்சுக்கோ அக்கா. கரடி இங்க தண்ணி குடிக்க வர்றப்பெல்லாம் காட்டு."

தடிச்ச பக்கத்த விட்டுட்டு எளச்ச பக்கத்தையே சுரண்டுனா வில்லும் நிமிராது, காடும் நிமிராது. இல்லன்னு சொல்ற கரடி யாரா இருந்தாலும், அந்தத் தாய்மான் மூஞ்சியப் பாத்து எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்.