ஏழிலை மலையில் மஞ்சள் கோடு

"நான் ஊருக்கே கிளம்பறனுங்க அம்மா," என்றார் ஆறுச்சாமி.

கையில் பை இருந்தது. வேட்டி, துண்டு, டார்ச் லைட் எல்லாம் அதற்குள் போயாகிவிட்டன.

மடத்துத் திண்ணையில் மயிலாத்தாள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஏனுங்கண்ணா?"

"மூணு வருசமாச்சுங்க. இன்னும் இந்த மலையில எனக்கு வழி தப்புது."

சீடர் ஆறுச்சாமிக்கு அறுபத்தொரு வயது. குரு மயிலாத்தாளுக்கு நாற்பத்திரண்டு. ஒருவர் அம்மா என்பதும் மற்றவர் அண்ணா என்பதும் புதிதாக வருகிறவர்களைக் குழப்பும். அவர்கள் இருவரும் குழம்பியதில்லை.

ஏழிலை மலையைச் சுற்றிக் காட்டுக்குள்ளேயே ஒரு பாதை போகிறது. பதினேழு கிலோமீட்டர். விடியும்போது மடத்து வாசலில் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் அதே வாசலுக்கு வந்துவிடலாம். இடையில் மூங்கில் காடு, இரண்டு ஓடை, ஒரு வழுக்குப் பாறை. அதன் பிறகு ஏழிலைப்பாலை மரங்கள் மட்டுமே நிற்கும் நீண்ட சரிவு. அவை பூக்கிற மாதத்தில் அங்கே நடந்தவர்கள் அதன்பின் வேறு மலையைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை.

வழிநெடுக மரங்களில் மஞ்சள் பெயிண்டில் கோடு இழுத்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போகவேண்டியதுதான். இழுத்தவர் மயிலாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் சுற்ற வருவார்கள். மாதத்துக்கு ஒருவராவது வழிதவறுவார். கவனம் போதாது என்று மடத்தில் சொல்லிக்கொள்வார்கள். கோட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மடத்தில் பாடம் கேட்க ஒரே விதி. துணையில்லாமல் மலையை ஒரு சுற்று வந்து காட்டவேண்டும். அதற்கப்புறம்தான் பாடம்.

ஆறுச்சாமி பதினாலு தடவை போனார். ஒருமுறை எஸ்டேட் பக்கம் இறங்கி ஜீப்பில் வந்து சேர்ந்தார். ஒருமுறை காட்டு வாட்சர் கூட்டிவந்து விட்டார். மற்ற தடவைகளைப் பற்றி அவர் பேச விரும்புவதில்லை. மூன்று வருடமாக விறகு உடைக்கிறார், தண்ணீர் இறைக்கிறார். பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

முப்பத்துநாலு வருடம் லாரி ஓட்டியவர். பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிக் கவுகாத்தியில் இறக்கியவர். வழி கேட்க வண்டியை நிறுத்தியதே இல்லை என்று ஒரு கர்வம் அவருக்கு இருந்தது. மலை அதை வாங்கி வைத்துக்கொண்டது.

"அத்தனை பெரிய தேசத்துல தப்பாதவனுக்கு இந்த ஒரு வட்டத்துல தப்புதுங்க. எனக்குப் புத்தி அவ்வளவுதான்."

"எங்கெங்க தப்புது?"

ஆறுச்சாமிக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"மொத ஓடை தாண்டினதும். அந்தப் பலா மரத்துகிட்ட."

அரிசியில் விரல் நின்றது.

"அங்க ஒரு வழிதானுங்களே."

"ரெண்டுங்க."

"இருபது வருசமா நடக்கறேன். ஒண்ணுதான்."

"இருக்கலாமுங்க." குருவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

மயிலாத்தாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"காலைல போலாம். நீங்க முன்னால நடங்க. நான் வாயே தொறக்கமாட்டேன்."

"பதினஞ்சாவது தடவையும் மானம் போகோணுமுங்களா?"

"ஆமாங்க."

விடிந்ததும் கிளம்பினார்கள். பையை வாசலிலேயே வைத்துவிட்டு ஆறுச்சாமி முன்னால் நடந்தார். மயிலாத்தாள் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். அழிந்த கோடுகளைத் திருத்தப்போகிறார் என்று ஆறுச்சாமி நினைத்துக்கொண்டார்.

மூங்கில் காட்டில் பனி இன்னும் கலையவில்லை. எத்தனை தடவை வந்தாலும் இந்த இடத்தில் அவருக்குத் தன் சங்கடம் மறந்துபோகும். லாரியில் எவ்வளவோ மலை ஏறி இறங்கியிருக்கிறார். எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போன மலைகள். இது நின்று பார்க்கவைத்தது. போகிறபோது இதை விட்டுத்தான் போகவேண்டும் என்ற நினைப்பு வந்ததும் நடையை எட்டிப் போட்டார்.

முதல் ஓடையைத் தாண்டினார்கள். பலா மரம் வந்தது. ஆறுச்சாமி நின்றார்.

"ஏன் நின்னுட்டீங்க?"

வாயே திறக்கமாட்டேன் என்றவர் முதல் இடத்திலேயே திறந்துவிட்டார்.

"வலப்பக்கம் ஒண்ணு போகுது, இடப்பக்கம் ஒண்ணு போகுது. எதுன்னு தெரியலீங்க."

மயிலாத்தாள் பார்த்தார். இடப்பக்கம் மான்கள் நடந்து நடந்து தேய்ந்த தடம், வலப்பக்கத்துப் பாதையின் அதே அகலத்தில், சருகுக்கு மேல் தெளிவாகக் கிடந்தது.

"ஆமாங்க," என்றார் மெல்ல. "ரெண்டு இருக்குது."

குடியிருக்கும் வீட்டில் தெரியாத ஓர் அறையைக் கண்டவர்போல நின்றார்.

பிறகு திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். இருபுறமும் புதர் அடைத்த ஒற்றைப் பாதை, நினைத்தாலும் வழிதவற முடியாத இடம். அங்கே ஏழு மரத்தில் ஏழு கோடு இழுத்தது நினைவுக்கு வந்தது. பலா மரத்தில் ஒன்றும் இல்லை.

"இங்க நான் ஏன் கோடு போடலீங்கண்ணா?"

ஆறுச்சாமி வெகுநேரம் யோசித்தார். குரு போடும் புதிருக்கு எடுத்த எடுப்பில் பதில் சொல்லக்கூடாது என்று கேள்விப்பட்டிருந்தார்.

"புதிர் இல்லீங்க. நெசமாத்தான் கேக்கறேன்."

"தெரியலீங்க அம்மா."

மயிலாத்தாள் டப்பாவைத் திறந்து பிரஷை முக்கி அவர் கையில் கொடுத்தார்.

"போடுங்க."

"நானுங்களா? எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதுங்களே."

"வலது. போடுங்க."

பலா மரத்தின் வலப்பக்கத்தில் இழுத்த கோடு கோணலாக வந்தது. மயிலாத்தாள் திருத்தவில்லை.

அப்படியே போனார்கள். ஆறுச்சாமி எங்கே நின்றாரோ அங்கே பக்கம் சொன்னார் குரு. பக்கம் சொன்ன இடத்தில் கோடு இழுத்தார் சீடர். வழுக்குப் பாறைக்குக் கீழே மூன்று முறை நின்றார். மூன்று கோடு.

இரண்டாவது ஓடைக்கு மேலே ஒரு கல்லைக் காட்டி ஆறுச்சாமி சொன்னார்: "இதுக்கடியில தண்ணி கசியுமுங்க. சித்திரையிலகூட நிக்காது. மத்தியானத்துல மைனா வந்து குடிக்கும்."

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"இங்கதானுங்களே ஒருநாள் முழுக்க நின்னேன். எப்படிப் போறதுன்னு தெரியாம."

மயிலாத்தாள் மண்டியிட்டுக் கையில் தண்ணீர் ஏந்திக் குடித்தார். இன்னொரு முறையும் குடித்தார். அந்த நேரத்தில் ஆறுச்சாமியின் மேல் தனக்குப் பொறாமையாக இருந்தது என்று பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

ஏழிலைப்பாலைச் சரிவில் பூ விழுந்து கிடந்தது. இருவரும் இறங்கினார்கள். அங்கே ஆறுச்சாமி எங்கும் நிற்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் மடத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆறுச்சாமிக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இனி எனக்கு இந்த மலையில வழி தப்பாதுங்க அம்மா."

"தப்பாது. ஊருக்குக் கிளம்பறதுன்னா கிளம்பலாமுங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

"பாடமுங்க?"

மயிலாத்தாள் பிரஷைக் கழுவத் தொடங்கினார்.

ஆறுச்சாமி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கடைசியாக ஒருமுறை மலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திரும்பினார். இறங்கி வந்த பாதை மரங்களுக்கிடையே மேலேறிப் போனது. கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பார்த்தார். ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். வந்து பையைக் கீழே வைத்தார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"இந்தப் பக்கமிருந்து பாத்தா ஒரு கோடுகூடத் தெரியலீங்க. எல்லாம் மரத்துக்கு அந்தாண்டை இருக்குது. கால் பிசகி, மூச்சு முட்டி, பாதியில திரும்பறவங்க என்னங்க பண்ணுவாங்க?"

தண்ணீரில் கை நின்றது.

"நான் ஒருநாள்கூடப் பாதியில திரும்பினதில்லீங்கண்ணா," என்றார் மயிலாத்தாள்.

கழுவிய பிரஷை உதறி அவரிடம் நீட்டினார்.