மிட்டாய்ப் பெட்டிக்கு ஒரு டிசைன்

சிவகாசியில் ஜெயக்கொடியிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஐம்பதைத் தாண்டியவர் சண்முகக்கனி ஒருவர்தான். ஜெயக்கொடிக்கு அவருடைய கடைசித் தங்கையின் வயது. ஆனாலும் அவர் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள். இதில் இரண்டு பேருக்கும் எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

ஜெயக்கொடியின் அலுவலகம் ஒரு மாடி அறை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அங்கே டிசைன் செய்கிறவர் ஒருவரும் கிடையாது. காலண்டர், லேபிள், பெட்டி என்று ஊர் அச்சகங்களிலிருந்து வருகிற வேலைகளை, வெளியூர்களில் வீட்டிலிருந்தே டிசைன் செய்கிறவர்களுக்கு அவள் பிரித்துக் கொடுப்பாள். அவர்களில் பாதிப் பேரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவளிடம் வேலை செய்ய ஆரம்பித்த ஒருவர்கூட விலகிப் போனதில்லை. சண்முகக்கனியை அவளிடம் இழுத்து வந்தது இந்த அதிசயம்தான்.

ஏனென்றால் அவரிடம் ஒருவரும் தங்கவில்லை.

அவர் மச்சினனுடைய அச்சகத்தில், அச்சில் நிறம் சரியாக விழுகிறதா என்று வெகுகாலம் கலர் பார்த்துக்கொண்டிருந்தவர். நானும் சொந்தமாக ஒரு டிசைன் ஆபீஸ் வைக்கிறேன் என்று வீறாப்பாக வெளியே வந்து போர்டு மாட்டிவிட்டார். மதுரைப் பையன் ஒருவனுக்கு வேலை கொடுத்தார். அவன் போன் எடுப்பதை நிறுத்திவிட்டான். ராஜபாளையத்துப் பெண் ஒருத்தி, கல்யாணம் வருகிறது என்றாள். கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்தாயிற்று, அவள் திரும்பவில்லை. மிச்சம் இருந்தது உத்தமபாளையத்து முபீனா மட்டும்தான். அவளும் போய்விட்டால் போர்டைக் கழற்றிக்கொண்டு மச்சினன் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். மச்சினன் குறை சொல்கிற ஆள் இல்லை. "வாங்க அத்தான்" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தாலே சண்முகக்கனிக்குச் சோறு இறங்காது.

அன்று காலை முபீனாவிடமிருந்து மெசேஜ் வந்தது.

"இந்த மிட்டாய்ப் பெட்டி வேலை எனக்கு வேண்டாம் சார். இனிமே உங்க வேலையே வேண்டாம். தப்பா நினைக்காதீங்க."

சண்முகக்கனி அதை இன்னொரு தடவை படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஜெயக்கொடியின் மாடிக்கு ஏறினார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"உக்காருங்க அண்ணாச்சி. முதல்ல மூச்சு விடுங்க."

"கண்ணால பாக்காத ஆளுகிட்ட வேலை வாங்குறது எப்படி?"

"என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். எட்டயபுரம் பக்கத்தில் பூமயில் என்றொரு அம்மாள் கடலைமிட்டாய் போடுகிறாள். இதுவரை பாலிதீன் பையில் கட்டி விற்றவள், இப்போது பெட்டி போட ஆசைப்படுகிறாள். அந்த வேலையை வாங்கி முபீனாவிடம் கொடுத்தார். டிசைன் போகிறது, பூமயில் வேண்டாம் என்கிறாள். திரும்பவும் போகிறது, திரும்பவும் வேண்டாம் என்கிறாள்.

"என்ன காரணம் சொல்லுதாங்க?"

"காரணம் ஒண்ணும் இல்ல டீச்சர். 'என்னமோ போல இருக்கு அண்ணாச்சி'ன்னு சொல்லுதாங்க. அதை வச்சு நான் என்ன செய்ய? முபீனாகிட்ட மாத்தச் சொன்னேன். மாத்தி மாத்தி அனுப்புனா. இப்ப வேண்டாங்குறா. நல்லா வரையிற பொண்ணுதான். ஆனா மனசு வைக்க மாட்டேங்குது. வெளி ஆளு பாருங்க, நம்ம அக்கறை அவங்களுக்கு இருக்காது."

ஜெயக்கொடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"அந்தம்மாகிட்ட கடைசியாக் காட்டின ஃபைல் இருக்கா?"

இருந்தது. எங்கே போனாலும் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது சண்முகக்கனியின் பழக்கம். ஜெயக்கொடி அதைக் கம்ப்யூட்டரில் செருகித் திறந்தாள்.

திரை நிறைய மிட்டாய்ப் பெட்டி. தங்க நட்சத்திரம் ஒன்று, தோகை விரித்த மயில் ஒன்று, இரண்டு குத்துவிளக்கு, சுற்றிலும் தாமரைப்பூ பார்டர், பச்சை ரிப்பன், எழுத்துக்குப் பின்னால் கறுப்பு நிழல். மிட்டாய் எங்கேயோ இருந்தது. தேடினால் கிடைக்கும்.

கம்ப்யூட்டரில் ஒரு டிசைனை அடுக்கடுக்காகத்தான் கட்டுவார்கள். லேயர் என்று பெயர். ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை வைப்பது மாதிரி. ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். அதைத் தட்டினால் அந்த அடுக்கு மட்டும் மறையும்.

ஜெயக்கொடி கேட்டாள். "இந்தத் தங்க நட்சத்திரம் யார் போட்டது அண்ணாச்சி?"

"நான்தான். கடையில தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்ல."

அவள் கண்ணைத் தட்டினாள். நட்சத்திரம் போயிற்று.

"மயில்?"

"அதுவும் நான்தான். அந்தம்மா பேர்ல மயில் இருக்குல்லா."

மயில் போயிற்று.

"இந்தக் குத்துவிளக்கு?"

"மங்களமா இருக்கட்டுமேன்னு..."

விளக்குகளும் போயின.

"ரிப்பன்?"

சண்முகக்கனி சட்டைப் பொத்தானைத் திருகினார். ஜெயக்கொடியும் அதற்குமேல் கேட்கவில்லை. பாக்கிக் கண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். தாமரைகள் போயின, நிழல் போயிற்று, எதற்கென்று அவருக்கே இப்போது நினைவில்லாத ஒரு மஞ்சள் வட்டமும் போயிற்று.

கடைசியில் ஒரு படம் மிஞ்சியது.

பழுப்புத் தாளின் நிறம். நடுவில் ஒரே ஒரு கடலைமிட்டாய்த் துண்டு, ஓரத்தில் யாரோ கடித்த தடம். பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கடலை. கையால் எழுதியது போலப் பெயர். சுற்றிலும் நிறைய இடம் சும்மா விட்டிருந்தது.

சண்முகக்கனி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது எப்ப வந்தது?"

"நீங்கதான் சொல்லணும். எல்லாத்துக்கும் அடியில இருந்தது இதுதான்."

அவருக்கு நினைவு வந்தது. முதல் நாள் முபீனா அனுப்பியது. மொட்டையாக இருக்கிறதே என்று பூமயிலுக்குக் காட்டுவதற்கு முன்னாலேயே அவர் அதில் நட்சத்திரத்தை ஏற்றினார். பூமயில் வேண்டாம் என்றதும் மயிலை ஏற்றினார். பிறகு முபீனாவிடம், கஸ்டமருக்குப் பிடிக்கவில்லை, மயிலைக் கொஞ்சம் சின்னதாக்கு, விளக்கை ஓரமாகத் தள்ளு என்று சொன்னார். அவள் வரைந்ததில் ஒரு கோட்டைக்கூட அவர் மாற்றச் சொன்னதில்லை. அவர் போட்டதையே அவளைக்கொண்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா இதைப் பாத்திருக்காங்களா?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"இல்ல."

"பிடிக்கலைன்னு அவங்க எதைச் சொன்னாங்க?"

சண்முகக்கனிக்கு முகமெல்லாம் சுட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டபோதுகூட அவருக்கு இத்தனை வெட்கம் வந்ததில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதை இப்ப அவங்களுக்கு அனுப்புங்க."

"இப்படியேவா டீச்சர்? எழுத்தை மட்டும் கொஞ்சம் தடியாக்கி..."

அவர் கை அதற்குள் மவுசின் மேல் போயிருந்தது. ஜெயக்கொடி அந்தக் கையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

படம் பூமயிலுக்குப் போயிற்று. கீழே கடையிலிருந்து டீ வந்தது. அவர் டீயைக் குடிக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்த பிறகுதான் பூமயில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இது நம்ம மிட்டாய்தான். பாத்த உடனே தெரியுதுல்லா. யாரு போட்டது?"

"உத்தமபாளையத்துல ஒரு பொண்ணும்மா."

"நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை. ஆனா ஒண்ணு அண்ணாச்சி. அந்தக் கடலை ரெண்டும் தோல் உரிச்சுக் கிடக்கே. நாங்க தோலோடல்லா வறுத்துப் போடுவோம். நம்ம ருசியே அதுதான். நீங்க இங்க வந்தப்ப, 'இது என்ன தோலோட இருக்கு'ன்னு கேட்டுக் கேட்டுத் தின்னீங்களே."

தின்றார்தான். அன்று மத்தியானச் சாப்பாட்டையே விட்டுவிட்டு அதைத்தான் தின்றார். ஆனால் முபீனாவுக்கு எழுதிய நீளமான மெசேஜில் பெட்டியின் அளவு இருந்தது, எழுத்தின் அளவு இருந்தது, தங்கக் கலர் வேண்டும் என்று இருந்தது. கடலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

போனை வைத்ததும் சண்முகக்கனிக்கு உயிர் வந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷம் வந்தால் கை அரிக்கும்.

"டீச்சர், அரை நிமிஷ வேலை. இந்த ரெண்டு கடலை மேல லேசாச் செவப்பு ஏத்திட்டா முடிஞ்சுபோச்சு. இத்தனை வருஷம் கலர் பாத்தவன், இதுகூட எனக்குத் தெரியாதா? இதுக்குப்போயி அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணணுமா?"

ஜெயக்கொடி மேஜைமேல் கிடந்த அவருடைய போனை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"எடுக்க மாட்டா டீச்சர்."

"எடுக்கலைன்னா நாளைக்குக் கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"சொல்லுங்க சார்." குரலில் ஒன்றுமே இல்லை.

சண்முகக்கனி தொண்டையைச் செருமிக்கொண்டார். "முபீனாம்மா, நீ முத நாள் அனுப்புனதை இன்னைக்குத்தான் அந்தம்மாவுக்குக் காட்டினேன். அதுவரைக்கும் காட்டவே இல்ல. என் கைவரிசையெல்லாம் அது மேல ஏத்தித்தான் காட்டிட்டு இருந்தேன். அவங்க பிடிக்கலைன்னு சொன்னது பூரா என் வேலையை. நான் உன்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன். தப்பு என்னுதும்மா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

"தெரியும் சார். நீங்க திருப்பி அனுப்புற ஃபைலைத் திறந்தா எல்லாம் தெரியுமே. அதான் வேண்டாம்னு சொன்னேன்." பிறகு, "இப்ப என்ன சொன்னாங்க?" என்றாள்.

"இது நம்ம மிட்டாய்தான்னு சொன்னாங்க. போட்ட பிள்ளை நல்லா இருக்கட்டும்னாங்க."

"நிஜமாவா சார்?"

"சத்தியமா. ஒரே ஒரு சேதி. அவங்க கடலையைத் தோலோட வறுத்துப் போடுதாங்க. ருசியே அதுதான்னு சொல்லுதாங்க. நானும் தின்னு பாத்தேன், உண்மைதான். ஓரத்துல லேசாக் கரிஞ்சு, ஒரு துளி துவர்ப்பு நாக்குல நிக்கும். இனிப்பு திகட்டாது."

"தோலோடயா?" முபீனாவின் குரல் மாறிவிட்டது. "இதை ஏன் சார் முதல்லயே சொல்லல?"

சண்முகக்கனி தலையைச் சொறிந்துகொண்டார்.

"கொஞ்ச நேரம் குடுங்க சார். நான் அனுப்புறேன்."

டிசைன் சாயங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. சண்முகக்கனி ஜெயக்கொடியின் மாடியை விட்டு இறங்கவே இல்லை. சாப்பிட வரச் சொல்லி வீட்டம்மாள் இரண்டு தடவை போன் செய்து திட்டியும் ஆயிற்று.

கடலைகளுக்குத் தோல் வந்திருந்தது. அதோடு நிற்கவில்லை. பழுப்பு நிறம் போய், பெட்டி முழுவதுமே வறுத்த கடலைத்தோலின் சிவப்பாகியிருந்தது. மூலைகளில் மட்டும் கொஞ்சம் கரிந்த கருமை. பெயர் எழுதியிருந்தது உரித்த கடலைப்பருப்பின் வெள்ளையில். மற்றபடி ஒன்றும் கூடவில்லை. சும்மா விட்ட இடமெல்லாம் அப்படியே சும்மா இருந்தது.

அவர் எத்தனையோ சிவப்புகளை அச்சடித்துப் பார்த்தவர். இந்தச் சிவப்பை ஒரு பெட்டியிலும் பார்த்ததில்லை. அவர் நினைத்தபடி அரை நிமிஷத்தில் இரண்டு கடலைக்குச் சாயம் ஏற்றியிருந்தால் இது வந்திருக்காது என்று புரிந்தது. அதில் அவருக்கு வருத்தம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. வாய்க்குள் எச்சில்கூட ஊறியது.

பூமயிலுக்கு அனுப்பினார். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. "இதையே அடிச்சிருங்க அண்ணாச்சி."

முபீனாவிடமிருந்தும் ஒரு மெசேஜ் வந்தது. "அடுத்த வேலை இருந்தா சொல்லுங்க சார்."

சண்முகக்கனி போனை ஜெயக்கொடியிடம் காட்டினார். பிறகு பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டார். எழுந்தார். ஆனால் போகவில்லை.

"டீச்சர், இன்னொரு கேள்வி."

"கேளுங்க."

"இனிமே சத்தியமா எதையும் தொட மாட்டேன். அது போகட்டும். ஆனா மிட்டாய் அந்தம்மா போடுதாங்க. படம் அந்தப் பொண்ணு போடுது. அச்சு மச்சினன் அடிச்சுருவான். நடுவுல நான் எதுக்கு டீச்சர்?"

ஜெயக்கொடி அடுத்த வேலையைத் திறந்துவிட்டிருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முபீனா எட்டயபுரம் வந்திருக்காளா அண்ணாச்சி?"

"இல்ல."

"அந்தம்மா உத்தமபாளையம் போயிருக்காங்களா?"

"அவங்களுக்கு அங்க என்ன வேலை?"

"அப்ப அந்தத் தோலோட ருசியை அங்க கொண்டுபோனது யாரு?"