ஆரல்வாய்மொழியில் எதிர்க்காற்று

“சாமி, வண்டி நகர மாட்டேங்குது” என்றார் தாணுலிங்கம்.

ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்கிலிருந்து வந்த காற்று ஆளையே தூக்கியது.

சாமிக்கு மடம் கிடையாது. சக்கரம் வைத்த வீடு ஒன்று உண்டு. அதை ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஓட்டுவது தாணுலிங்கம், பேங்கில் ஓய்வு பெற்றவர், சாமியைவிடப் பத்து வயது மூத்த சீடர். பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. தொல்லையே அதுதான்.

நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். சாமி தாலி எடுத்துக் கொடுத்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று பெண் மணையில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். முகூர்த்தம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை. அவள் அப்பா போனில் அழாத குறை.

ஜீப் இரண்டாவது கியரில் முனகியது. மொபெட்டில் மீன் கொண்டுபோன ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். போகிறபோக்கில் ஒரு கும்பிடு வேறு.

“காத்தைத் தடுக்கிறதையெல்லாம் எடுத்தீரா?” என்றார் சாமி.

“எடுத்தாச்சு சாமி. கூரையில கெடந்த சைக்கிளை இறக்கிட்டேன். வீட்டோட முன்பக்கம் பலகை அடிச்சு மூக்கு மாதிரி கூராக்கிட்டேன். ஜீப்புக்கும் வீட்டுக்கும் நடுவுல தார்ப்பாய் கட்டி இடைவெளியை அடைச்சுட்டேன்.”

“நிறுத்தும்.”

சாமி இறங்கி அண்ணாந்து பார்த்தார். கூரைமேல், பத்தடி உயரத்தில், அவரே நின்று ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். பிளக்ஸ் போர்டு.

“இது?”

“ஐயோ, அது தடை இல்ல சாமி. அது நீங்க!”

“கழட்டும்.”

“வெல்டிங் வச்சுட்டேனே.”

சாமி பழம் நறுக்கும் கத்தியோடு ஏணியில் ஏறினார். முகம், தாடி, ஆசீர்வதிக்கும் கை, எல்லாவற்றையும் சுற்றி வெட்டினார். தாணுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். வெட்டிய துண்டு காற்றாலைகள் பக்கம் பறந்து போயிற்று.

ஜீப் மூன்றாவது கியருக்கு வந்தது. மேடு வந்ததும் பழையபடி முனகல்.

“இன்னும் எங்கயோ பிடிக்குது சாமி.”

“ஏறிப் பாரும்.”

தாணுலிங்கம் ஏறினார். சாமி நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், சாமியைவிட ஒரு சாண் மட்டும் குட்டையாக, கைகூப்பியபடி நின்றது தாணுலிங்கம். காற்று அடைத்துக் கன்னம் இரண்டும் புடைத்திருந்தன.

பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனசு வரவில்லை.

“நல்லா விழுந்த போட்டோ, சாமி.”

“அப்போ வெட்ட வேண்டாம்” என்றார் சாமி கீழிருந்து. “வண்டியைத் திருப்பும். இதே காத்து பின்னாலருந்து தள்ளும், ஜம்முனு திருநெல்வேலி போயிரலாம். அந்தப் பிள்ளையை மணையை விட்டு எந்திரிக்கச் சொல்லிருதேன்.”

தாணுலிங்கம் மேலிருந்து கையை நீட்டினார்.

“கத்தியைக் குடுங்க.”