ஓர் ஆளுக்கு ஒரே கயிறு

மலையும் ஏரியுமாய்ச் செழித்துக் கிடந்த செம்பாறை நாட்டை ஒரு காலத்திலே மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி.

அவன் அரண்மனையில் ஒரு யானை. போர் யானையென்று படைக்காரர்கள் அதற்குத் தீனி போட்டார்கள். சாமி யானையென்று கோயில்காரர்கள் அதற்கே தீனி போட்டார்கள். எங்கள் கொட்டிலில்தானே நிற்கிறது என்று கொட்டில்காரர்களும் போட்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவே இல்லை. யானை தின்று தின்று, ஒருநாள் கோட்டைவாசலில் வசமாய்ச் சிக்கிக்கொண்டது. ராஜாவின் பல்லக்கு வெயிலில் வெளியே நின்றது.

ராஜாவுக்கு வந்ததே கோபம். மந்திரி கார்மேகத்தின் ஆசனத்தின்மேல் வெகுநாளாய்க் கண் வைத்திருந்த ஏகாம்பரப் பண்டிதர், இதுதான் சமயமென்று முன்னால் வந்தார். ஒரே பொருளை ஆளுக்கொரு பெயர் சொன்னால் இப்படித்தான் ஆகும், அரண்மனையிலும் ஊரிலும் இருக்கிற ஒவ்வொன்றும் இன்னதுதான் என்று ஒரே கயிறு கட்டிவிட்டால் குழப்பமே வராது என்றார். சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளைக் கயிறு, வேலைக்காரர்களுக்கு நீலம், பிள்ளை பெற்றவர்களுக்குப் பச்சை. இப்படி நிறம் நிறமாய் அடுக்கினார். ஒன்றுக்கு ஒரே கயிறு, இரண்டாவது கிடையாது.

ராஜா துள்ளிக் குதிக்காத குறை. "இன்றைக்கே சட்டம். கயிறு மாறி நானே வந்து கேட்டாலும் விடக்கூடாது. விட்டவன் தலை போகும்."

வாசல் பெருக்குகிற சடைச்சியிடம் பண்டிதர் வந்தபோது அவள் கையில் விளக்குமாறு இருந்தது. நீ என்ன என்று கேட்டார். பெரிய மனிதர் முன்னால் நாக்கு எழவில்லை அவளுக்கு. பெருக்குகிறேன் என்று மட்டும் சொன்னாள். நீலக் கயிறு கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவளுடைய கைப்பிள்ளை வேலி போட்ட வேப்பமரத்தடித் தூளியில் கிடந்தது. பசிக்கு எழுந்து அழுதது. ஓடினாள். காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். பச்சைக் கயிறு இல்லாமல் இந்த வேலிக்குள் வரக்கூடாதென்றான். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான். உள்ளே பிள்ளை வீறிட்டது. இங்கே மார்ச்சேலை நனைந்தது. விளக்குமாற்றை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வழியாய் வந்த கார்மேகம் ஒரு பார்வையில் எல்லாம் தெரிந்துகொண்டார். "வா தாயி" என்று அவளை நேரே சபைக்கு அழைத்துப்போனார்.

ராஜாவோ அசையவில்லை. சட்டம் தப்பென்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் காட்டு, இல்லையென்றால் மந்திரி மோதிரத்தைக் கழற்றிப் பண்டிதரிடம் கொடு என்றான். பண்டிதர் அப்போதே விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஆகட்டும் மகாராஜா. ஆனால் ஊருக்கெல்லாம் கயிறு, தங்கள் கை மட்டும் மொட்டையாய் இருக்கிறதே" என்றார் கார்மேகம்.

அட, ஆமாம். பண்டிதர் பூரித்துப்போய், ஆளுகிறவருக்கென்று தங்கச்சரிகைக் கயிறு ஒன்றை எடுத்து, தம் கையாலேயே கட்டினார். அந்த நேரத்துக்கு ராஜாவுக்கும் பசித்தது.

சமையற்கட்டு வாசலில் தலைமைச் சமையல்காரன் கும்பிட்டு விழுந்தான், ஆனால் வழிவிடவில்லை. "தங்கக் கயிறு ஆள்றதுக்கு மகாராஜா. திங்கிறதுக்கு வெள்ளைக் கயிறு. எனக்கு இருக்கிறது ஒரே தலை."

ராஜா அந்தப்புரத்துக்குப் போனான். அங்கே காவல்காரி, புருஷன்மார் கயிறு மஞ்சளாச்சே என்று இழுத்தாள். உள்ளேயிருந்து ராணி சிரிக்கிற சத்தம் கேட்டது. சொன்ன சொல் தவறாத ராஜா என் வீட்டுக்காரர், அவரை உள்ளே விட்டுவிடாதே என்றாளாம்.

பின்னாலேயே போய்க்கொண்டிருந்த சடைச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் காதெல்லாம் வேப்பமரத்தடியில்தான். அழுகை இப்போது கம்மிப்போயிருந்தது. அழுததைவிட அது பயமாயிருந்தது.

வயிறு காய்ந்து ராஜா சபைக்குத் திரும்பினான். பண்டிதர் பதறி ஓடிவந்தார். தங்கத்தை அவிழ்த்துவிட்டு வெள்ளையைக் கட்டுவோம், சாப்பிட்டு முடிந்ததும் மறுபடி தங்கம் என்றார்.

"தாராளமாய் அவிழும் பண்டிதரே" என்றார் கார்மேகம். "அவிழ்த்த நொடியில் இவர் ராஜா இல்லை, வெறும் சாப்பாட்டுக்காரர். மறுபடி தங்கத்தைக் கட்டு என்று உத்தரவு போடப்போவது யார்?"

முடிச்சில் வைத்த பண்டிதரின் கை அப்படியே நின்றது. ராஜா காலியாய்க் கிடந்த சிங்காசனத்தைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற சேனாதிபதி ஏனோ ஒருதரம் தொண்டையைச் செருமினார். ராஜாவுக்கு வியர்த்துவிட்டது.

"மகாராஜா, யார் என்பது ஒன்றுதான்" என்றார் கார்மேகம் மெதுவாய். "யாருக்கு யார் என்பது பல. ஊருக்கு ராஜா, ராணிக்குப் புருஷன், சமையல்காரனுக்குப் பசித்து வந்தவர். ஒன்றைக் கட்ட ஒன்றை அவிழ்க்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு கயிறே இருக்கட்டும். அவர் யாருக்கு யாரோ, அத்தனைக்கும் அதில் மணி கோத்துக்கொள்ளட்டும். எந்த இடத்துக்காரரும் முழுக் கயிற்றையும் பார்த்துவிட்டு நடந்துகொள்ளட்டும். யானையின் மூன்று மணியையும் பார்த்தால் மூன்று தரம் தீனி விழாது. இந்தத் தாயி பெருக்குகிறவளும்தான், பெற்றவளும்தான்."

ராஜா வாளை உருவினான். சடைச்சியின் மணிக்கட்டில் இருந்த நீலக் கயிற்றை அறுத்துப்போட்டுவிட்டு, "சட்டம் மாறிவிட்டது, ஓடம்மா" என்றான். கும்பிடக்கூட நிற்காமல் அவள் ஓடினாள்.

கார்மேகத்துக்கு முத்துமாலை விழுந்தது. பண்டிதருக்கோ, கட்டின அத்தனை கயிற்றுக்கும் வீடு வீடாய்ப் போய் மணி கோக்கிற வேலை கிடைத்தது. ஒவ்வொருத்தரிடமும் உட்கார்ந்து, நீங்கள் யாருக்கு யார் என்று பணிவாய்க் கேட்டுக் கேட்டுக் கோக்க வேண்டும். படித்தவர் அல்லவா, முதல் நாளே முதுகு பிடித்துக்கொண்டது.

ராஜா சாப்பிட்ட கையோடு, மந்திரி, சேனாதிபதி, மேளதாளத்தோடு வேப்பமரத்தடிக்கு வந்தான். சடைச்சிக்கு ஒரு பட்டுப்புடவையைத் தன் கையாலேயே கொடுத்துப் பெரிதாய் நாலு வார்த்தை பேச ஆசை அவனுக்கு. வாயைத் திறந்தான்.

பெரிய மனிதர் முன்னால் பேச நாக்கெழாத சடைச்சி, மடியில் பால் குடிக்கும் பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்காமலே விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாங்க. இப்பத்தான் கண் சொக்குது."

ராஜா மேளக்காரனைப் பார்த்துக் கையமர்த்தினான். புடவையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். பிறகு செம்பாறை நாட்டு ராஜாவும் மந்திரியும் சேனாதிபதியும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோலத் திரும்பி நடந்தார்கள்.