அண்ணாச்சியின் முகம்

தூத்துக்குடியில் நடந்த கூத்து இது. பாத்திரக்கடை அரியமுத்து அண்ணாச்சி தன் கடை விளம்பரத்தில் தானே ஆடுவார். பார்ப்பது அவர் சம்பந்தி ஒருத்தர்தான்.

"இந்த வாட்டி ஊரே என் மூஞ்சியப் பார்க்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!" என்று பில் போடும் செல்வராணியிடம் கத்தினார்.

அவள் அவருடைய ஆட்டத்தை அப்படியே வீடியோவாகப் போட்டாள். முகத்தை மட்டும் இட்லிக் கொப்பரைப் படத்தால் மறைத்து, 'முகம் பார்க்கக் கடைக்கு வாங்க!' என்று எழுதினாள்.

"ஏ பிள்ள, என் மூஞ்சி எங்க?"

"இம்புட்டு மதிப்பான மூஞ்சிய ஓசியிலயா காட்டுறது, அண்ணாச்சி?"

மறுநாள் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. அண்ணாச்சி பவுடர் பூசிச் சிரித்தபடி வந்து நின்றார்.

முன்னால் நின்ற அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செல்வராணி பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கொப்பரை என்ன விலைம்மா?"