முள்ளுக்குள் எழுநூற்று முப்பத்தொன்று

சிவசைலத்துக்குக் குரு வாய்த்தது ஐம்பத்து நான்காம் வயதில். குருவுக்கு வயது நாற்பத்தொன்று. பெயர் கெப்பம்மாள். வெள்ளைக்கரடு என்ற குன்றில் முப்பத்திரண்டு வெள்ளாடுகளை மேய்ப்பவர். தான் குரு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார். மனதுக்குள் ஏதாவது கேள்வி உறுத்தினால் சிவசைலம் மதுரையில் பஸ் ஏறிவிடுவான். கரட்டடியில் தண்ணீர்த் தொட்டியருகே அவரைப் பிடித்துக் கேட்பான். சில நாள் பதில் கிடைக்கும். சில நாள் நீராகாரம் மட்டும் கிடைக்கும்.

அந்தத் திங்கட்கிழமை அவனிடம் இரண்டு கேள்விகள் இருந்தன.

வெள்ளைக்கரட்டில் எண்ணூறு கன்றுகள் நட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. நட்டது நகரத்தில் உள்ள மரம் நடும் சங்கம். ஒவ்வொரு குழியருகிலும் எண் பொறித்த ஒரு தகடு. கன்றுகளைக் கவனிக்க ‘துளிர்’ என்ற செல்போன் செயலியைச் செய்து கொடுத்தவன் சிவசைலம். மாதக் கடைசி ஞாயிறன்று சங்கத்து ஆட்கள் ஏறிப் படம் எடுப்பார்கள். படத்தில் இலை இருந்தால் வரைபடத்தில் பச்சைப் புள்ளி. இல்லாவிட்டால் சிவப்பு. யாரும் பொய் சொல்ல முடியாது. நட்ட நாளுக்குப் பிறகு சிவசைலம் கரட்டில் ஏறியதில்லை. ஏறத் தேவையில்லை என்பதுதான் துளிரின் பெருமை.

கிழக்குச் சரிவு முழுக்கப் பச்சை. மேற்குச் சரிவு முழுக்கச் சிவப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழி தோண்டும் மிஷின்கள் வருவதாக ஏற்பாடு. சிவப்புப் புள்ளி விழுந்த நானூறு இடங்களையும் தோண்டிப் புதுக் கன்று வைக்கப் போகிறார்கள்.

அதற்குமுன் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாமே என்று அன்று காலை கிழக்கே ஏறியவன், குழப்பத்தோடு இறங்கியிருந்தான்.

“கிழக்கே ஒவ்வொண்ணும் ஒரு சாண்தான் இருக்கு. ரெண்டு வருஷமா பச்சை காட்டுற கன்று ஏன் வளரவே இல்லை?”

“இன்னொண்ணு?” என்றார் கெப்பம்மாள்.

“நேத்து எடுத்த படத்துல இலை இருக்கு. இன்னைக்குப் போனா வெறும் குச்சி நிக்குது. அந்த இலை எங்க போச்சு?”

கெப்பம்மாள் தொட்டிப் பக்கம் முகவாயை நீட்டிக் காட்டினார். அங்கே ஒரு கறுப்புக் கிடா கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“உங்க ஆடா?”

“பின்னே, கலெக்டர் ஆடா?”

“ரெண்டு கேள்விக்கும் அதுதான் பதிலா?”

“அதுக்குக் கேள்வி எல்லாம் தெரியாது சார். பசிச்சுது, தின்னுச்சு. வாங்க, மேற்கே போவோம்.”

மேற்கே என்ன இருக்கிறது? செத்தவைதானே. செத்ததைப் பார்க்கக்கூடாது என்றுதான் இரண்டு வருடம் ஏறாமல் இருந்தேனோ என்று மூன்றாவதாக ஒரு கேள்வி அவனுக்குள் வந்தது. அதை அவன் கேட்கவில்லை. மூச்சு வாங்க அவர் பின்னால் ஏறினான். ஆடுகளும் ஏறின.

சரிவு முழுக்க முள். உடைமரத்து முள்ளை வெட்டி நெஞ்சளவு குவித்த குவியல்கள், இருபதடிக்கு ஒன்றாக. கெப்பம்மாள் ஒரு குவியலருகே நின்றார். அதன் அடியில் தகடு தெரிந்தது. எழுநூற்று முப்பத்தொன்று.

“படம் எடுங்க.”

எடுத்தான். துளிர் ஒரு நொடி யோசித்தது.

“என்ன சொல்லுது?”

“கன்று இல்லைங்குது.”

“கையை விடுங்க.”

“எதுக்குள்ள?”

“முள்ளுக்குள்ளதான்.”

சிவசைலம் சட்டைக் கையைச் சுருட்டினான். மணிக்கட்டு வரை போனது. அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு கீறல். முழங்கை மறைந்தபோது விரல் நுனியில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. ஓரம் வாள்பல்லாக இருந்தது. ஒன்றைக் கிள்ளி வெளியே எடுத்து வாயில் வைத்தான். கசந்தது.

மறுபடி கையை விட்டுத் தண்டைப் பிடித்தான். கட்டைவிரல் கனம். பிடித்தபடியே மேலே போனான். தண்டு முடிந்தபாடில்லை.

“யார் இந்த முள்ளை வச்சது?”

“நான்தான். கரடு மொட்டையா கிடந்தா உச்சி வெயிலுக்கு என் ஆடு எங்க போய் நிக்கும்?”

“கிழக்கே வைக்கலையா?”

“வச்சேனே. அது ஏறச் சுலபம். உங்க ஆளுங்க வருவாங்க. இலை தெரியணுமேன்னு முள்ளை இழுத்துப் போடுவாங்க, படம் எடுப்பாங்க, அப்படியே போயிருவாங்க. மறுநாள் ஆடு வரும். நான் திரும்ப முள் வைப்பேன். ஒரு மாசத்துல துளிர்க்கும். திரும்ப உங்க ஆளுங்க வருவாங்க.”

“இங்க?”

“இங்க ஏறி வர்றதுக்குள்ள நாக்கு தள்ளிருது. முள்ளோட சேர்த்துப் படம் எடுத்துட்டு இறங்கிருவாங்க. தங்கமான பிள்ளைங்க.”

சிவசைலம் செல்போனில் சரிவைப் பார்த்தான். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சங்கச் செயலாளர் மாசிலாமணியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

“மேற்கே உயிரோட இருக்கு. மிஷினை நிறுத்துங்க.”

“நல்ல செய்திதான் சார். படம் அனுப்புங்க.”

“முள்ளுக்குள்ள இருக்கு. படத்துல தெரியாது.”

“படம் இல்லாம எப்படி சார்? யார் வாய்ச்சொல்லையும் ஏத்துக்கக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதான். காலையில உறுப்பினர் ஐம்பது பேர் வர்றாங்க. அவங்ககிட்ட நான் எதைக் காட்டுறது?”

ஒரே ஒரு படம், உடனே மூடிவிடலாம் என்று நினைத்தான். கெப்பம்மாள் கையிலிருந்த தொரட்டிக் கம்பை வாங்கி முள்ளை இழுத்தான். வேம்பு வெளியே வந்தது. இடுப்பளவு, வெளிர்ச் சிவப்புக் கொழுந்தோடு. படம் எடுத்தான். எழுநூற்று முப்பத்தொன்று பச்சையானது. அந்தப் பச்சையை அவன் பார்த்து முடிப்பதற்குள் கறுப்புக் கிடா கொழுந்தைப் பார்த்துவிட்டது.

கெப்பம்மாள் கொம்பைப் பிடித்து இழுத்தார். கொழுந்து அதன் வாயில் இருந்தது.

“பச்சையாயிருச்சா?” என்று கேட்டார்.

அவன் முள்ளைத் திரும்ப வைக்கப் பார்த்தான். இழுக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. வைக்கத் தெரியவில்லை. ஒன்றை நட்டால் ஒன்று சரிந்தது. அரை மணி நேரம் ஆனது. இன்னும் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தன.

“படமும் கூடாதுன்னா நான் வேற எதைத்தான் காட்டுறது?”

கெப்பம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். முழங்கை வரை கீறல்கள். சிலவற்றில் ரத்தம் காய்ந்திருந்தது, சிலவற்றில் காயவில்லை.

“இதைக் காட்டுங்க.”

சிவசைலம் தன் கையைப் படம் எடுத்தான். துளிரிடம் காட்டவில்லை. நேராக மாசிலாமணிக்கு அனுப்பினான்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. அதை அவன் உரக்கப் படித்தான்.

“இது என்ன சார்? இதுல கன்று எங்க இருக்கு?”

கெப்பம்மாள் கடைசி முள்ளைக் குவியலில் செருகிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

“நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னார்?”

“ஐம்பது பேர்.”

“அப்ப நூறு கை வருதுல்ல. மிஷினுக்கு முன்னாடி அது முள்ளுக்குள்ள போகட்டும்.”