எவ்வளவு மங்க வேண்டும்?

தூரத்தில் நின்று பார்த்தே பிழைத்த ஒரு மனிதர் இருந்தார். பெயர் இசக்கியப்பன். முப்பது வருஷமாகக் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சீரியல் லைட் கட்டியவர். கட்டி முடித்ததும் தெருக்கோடிக்குப் போவார், ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அங்கிருந்து பார்க்க நன்றாக இருந்தால் வேலை முடிந்தது. கிட்டே வந்து எந்த மகராசன் பல்பை உற்றுப் பார்க்கப்போகிறான்?

ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போனபின், கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வந்தார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. கற்றுக்கொடுத்த பிரிசில்லாவுக்கு இருபத்தொன்பது. வகுப்பில் எல்லோரும் பிரிசில்லாவை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். இசக்கியப்பனும் அப்படியே கூப்பிட்டார்.

ஊர் நூலகத்தில் எட்டுக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றின் திரையை அமைத்துத் தருகிற வேலையை மாஸ்டர் இவரிடம் விட்டார். இவருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திறக்கிற ஜன்னல் ஒவ்வொன்றையும் கண்ணாடி மாதிரி ஆக்கினார். பின்னால் இருக்கிற படம் அதன் வழியாக மங்கலாகத் தெரியும். எவ்வளவு மங்க வேண்டும் என்பதற்கு தள்ளுகிற பட்டை ஒன்று உண்டு, ஒன்றிலிருந்து பதினைந்து வரை; எண் கூடக் கூட மங்கலும் கூடும். பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி, இரண்டில் வைத்தார்.

நூலகச் செயலாளர் மாதிரியைப் பார்க்க வகுப்புக்கு வந்தார். வாசலில் நின்று பார்த்து, "ஜோரா இருக்கே" என்றார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அப்புறம் ஒரு வரியைக்கூட அவரால் படிக்க முடியவில்லை.

"எழுத்து எது, படம் எதுன்னே தெரியல. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாரேன். ஒழுங்கா ஒரு அளவு வச்சு, யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டிருங்க. இல்லேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

வேறு ஆள் என்றால் இசக்கியப்பனுக்கு மறுபடியும் ஏணிதான். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏணி ஏறுவதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பறையில் மாஸ்டர் வறுத்த கடலையைத் தோல் ஊதித் தின்றுகொண்டிருந்தார்.

"மாஸ்டர், பின்னால இருக்கிறது எவ்வளவுதான் மங்கணும்?"

"என்னத்துக்கு மங்கணும் அண்ணாச்சி?"

"அழகுக்கு."

மாஸ்டர் இன்னொரு கடலையை ஊதினார்.

"நம்பரைச் சொல்லிரப்படாதா? நாலு மணிக்கு அவரு வந்துருவாரு."

"ஒரு கடிதம் எழுதுங்க. எழுதி முடிச்சிட்டுக் கேளுங்க."

"யாருக்கு?"

"எழுத வேண்டிய ஆளு ஒருத்தராவது இருப்பாங்கல்லா?"

இசக்கியப்பன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஆள் இருந்தான். பெயர் தங்கப்பழம். இருபது வருஷம் இவருக்கு ஏணி பிடித்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு கொடையில், யாரோ கூப்பிட்டார்கள் என்று கையை எடுத்துத் திரும்பினான். இவர் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதோடு பேச்சு அறுந்தது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், இசக்கியப்பனின் திரையில் பின்னால் கிடந்த படமே அந்தக் கொடைப் படம்தான். நாற்பதடி உயர லைட் வளைவு. விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் தங்கப்பழம் எடுத்தது. தான் கட்டியதிலேயே நல்ல வளைவு என்பதால், ஆசையாக எடுத்துப் போட்டிருந்தார்.

கடித ஜன்னலைத் திறந்தார். பட்டை இரண்டில் இருந்தது. வளைவு பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் ஏணியின் காலும் தெரிந்தது. அவர் விரல்கள் தாமாகவே ஓடின. "அன்னைக்கு நீ கைய எடுக்காம இருந்திருந்தா" என்று தொடங்கி ஆறு வரி. படத்துக்குள் எழுத்தைத் தேடித் தேடி, எழுதியதைப் படித்தார். சந்தையில் சண்டை போடுகிறவன் பேச்சாக இருந்தது. அவருக்கே வெட்கமாகப் போயிற்று, அழித்தார்.

பட்டையை ஒரே தள்ளாகப் பதினைந்துக்குத் தள்ளினார். பின்னால் வெறும் புகை. எழுத்து ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. இதுதான் அளவு என்று நினைத்து, "நலம். நலமறிய ஆவல்" என்று எழுதினார். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது. கரண்ட் ஆபீஸுக்கு மனு எழுதினால்கூட இதைவிட ஈரமாக எழுதியிருப்பார்.

"மாஸ்டர், இந்த வேடிக்கையைப் பாருங்களேன்! தெளிவாத் தெரிஞ்சா கோவம் வருது. ஒண்ணுமே தெரியலேன்னா எழுத்தே வரல."

"அப்படியா?" என்றார் மாஸ்டர். எழுந்து வரவில்லை.

இசக்கியப்பனுக்கு இப்போது நாலு மணி ஞாபகம் போய், ஆர்வம் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டில் வைத்து ஒரு வரி எழுதினார். ஐந்தில் வைத்து ஒரு வரி எழுதி அழித்தார். தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நின்றார். அங்கே மஞ்சளும் சிவப்புமாக வெளிச்சம் மட்டும் இருந்தது. வளைவு என்று தெரிந்தது, ஏணி தெரியவில்லை. அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் வளைவின் அடியில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் புளிச்சோறு தின்றது ஞாபகம் வந்தது. கீழே விழுந்தவரைத் தங்கப்பழம் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதும் ஞாபகம் வந்தது. இதை மூன்று வருஷமாக ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை.

எழுதினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, ஒரு பக்கம் எழுதினார். கடைசியில் "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்று போட்டார். கண் கலங்கியிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு பட்டையைப் பார்த்தார்.

"ஏழு!" என்று கத்தினார். "மாஸ்டர், ஏழு! கண்டுபிடிச்சிட்டேன்!"

மாஸ்டர் இப்போதுதான் எழுந்து வந்தார். திரையில் இருந்த கடிதத்தைப் படிக்காமல், பக்கத்தில் நின்றார்.

"கடிதம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அனுப்பியாச்சா?"

இசக்கியப்பன் பட்டனை அமுக்கினார். "அனுப்பியாச்சு."

"அப்ப சரியாத்தான் வச்சிருக்கீங்க."

இசக்கியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம்.

"எட்டு மெஷினுக்கும் ஏழாம் நம்பரையே ஏத்தி, அவரு சொன்ன மாதிரி பூட்டிருதேன் மாஸ்டர். ஒருத்தனும் கை வைக்க முடியாது."

பூட்டுகிற பட்டன்மேல் சுட்டி நின்றது. மாஸ்டர் கையில் மிச்சமிருந்த கடலையை மேஜைமேல் வைத்தார்.

"நூலகத்துக்கு வாரவங்க எல்லாரும் தங்கப்பழத்துக்கா எழுதப் போறாங்க, அண்ணாச்சி?"

வெளியே செயலாளரின் வண்டி வந்து நின்றது. இசக்கியப்பன் சுட்டியைப் பூட்டிலிருந்து நகர்த்தி, பட்டையைத் திரையில் எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் வைத்தார். பிறகு பூட்டாமலே எழுந்து கதவைத் திறக்கப் போனார்.